அடைத்ததா, கசிந்ததா

பூனையார் இறந்துபோன மனைவியின் கீழுதட்டை ஆள்காட்டி விரலால் இழுத்துப் பார்த்தார். குளிர்பெட்டியின் கண்ணாடி மூடி கனமாக இருந்தது. அதை இடது கையால் தூக்கி, முழங்கையை விளிம்பில் முட்டுக் கொடுத்திருந்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

கொழுந்தியாள் ஓடி வந்தாள். இறந்தவளுடைய தங்கை. விடிந்ததிலிருந்து அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"மூடியைப் பிடி" என்றார் பூனையார்.

"மூடுங்க முதல்ல. குளிர் போயிடும். ஆளுங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். என் பொண்டாட்டி வாயைத்தானே பார்க்கிறேன்."

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கிழவனுக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவர் அடுத்து மனைவியின் சட்டைக் கையை மேலே தள்ளினார். முழங்கை மடிப்பில் நீலமும் ஊதாவுமாகத் திட்டு. இன்னொரு கையிலும் அப்படியே. ஊசி குத்திய இடம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொல்வார்கள்.

மூடியை இறக்கினார். "சரிதான்" என்றார், தனக்குத்தானே.

தானியக் கிடங்கில் எலிகளுக்கு மருந்து வைக்கிற வேலையில் அவருடைய ஆயுசு போயிற்று. அதனால் கூட வேலை செய்தவர்கள் பூனை என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த பிறகு மரியாதைக்காக 'யார்' சேர்ந்துகொண்டது. அதே கிடங்கில் சாக்குத் தைத்தவள்தான் இப்போது பெட்டிக்குள் கிடக்கிறவள். அவளும் அவரைப் பூனை என்றுதான் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் 'என்னங்க' என்பாள்.

மகன் பின்பக்கம், துணி துவைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். பூனையார் போய் எதிரே நின்றார். அவன் போனை அணைக்கிற வரை நகரவில்லை.

"வண்டி எப்ப வருது?"

"மத்தியானம் வந்துரும்பா. ஏன்?"

"வர வேண்டாம்னு சொல்லு."

"என்னப்பா?"

"உங்கம்மா எதனால செத்தா?"

மகன் கண்களைத் துடைத்துக்கொண்டான். "ஸ்ட்ரோக்குப்பா. பெரிய டாக்டர்தான் சொன்னாரே."

"உங்கிட்ட சொன்னார். என்னை வெளியில பெஞ்சில உட்கார வச்சுட்டீங்க."

"உள்ள வந்து சத்தம் போடுவீங்கன்னுதான்…"

"சரி, இப்பச் சொல்லு. ஸ்ட்ரோக்குன்னா, குழாய் அடைச்சதா, ரத்தம் கசிஞ்சதா?"

மகன் விழித்தான்.

"அந்த பெஞ்சில என்கூட உட்கார்ந்திருந்த ஆளு சொன்னான். அவங்கப்பனுக்குக் கசிவாம். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு அடைப்பாம். ரெண்டுக்கும் ஒரே பேருதானாம். நம்ம வீட்டுக்கு எது?"

"கேக்கலப்பா. அந்த நேரத்துல அதெல்லாம்…"

"பஸ் டிப்போவுல மெக்கானிக் நீ. ஒரு பஸ் நடுரோட்டுல நின்னா, டீசல் வரலையா, ஒழுகிப் போச்சான்னு பார்க்க மாட்டே? பஸ்சுக்குப் பார்ப்பே. பெத்தவளுக்குப் பார்க்கலை."

"ரெண்டுல எதுவா இருந்தா என்னப்பா? போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

"பேருதான் ஒண்ணு. செஞ்ச ஆளு வேற."

மகனுடைய கை போனோடு சேர்ந்து கீழே இறங்கியது. "செஞ்ச ஆளா? யாரைச் சொல்றீங்க?"

பூனையார் திரும்பினார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அது தெரியாம அவளை இங்கேருந்து எடுக்க விடமாட்டேன். அறுத்துப் பார்க்கச் சொல்வேன். போலீசுக்குப் போகணும்னாலும் போவேன்."

"மெதுவாப்பா" என்று மகன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். "காதுல விழுந்துரப் போகுது."

"விழட்டும்னுதான் சொல்றேன்."

அறுத்துப் பார்ப்பது அவருக்குப் புதிதில்லை. கிடங்கில் மேஸ்திரி எதையும் லேசில் நம்பமாட்டார். எலி தானாகச் செத்ததா, மருந்தில் செத்ததா என்று கேட்பார். பூனையார் பிளேடால் வயிற்றைக் கீறிக் காட்டுவார். மருந்து தின்ற எலி உள்ளுக்குள்ளேயே ரத்தமாகக் கரைந்திருக்கும். வெளியே ஒரு காயம் இருக்காது.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. "யாரோ கதவைத் தட்டிட்டு ஓடிப் போயிடறாங்க. திறந்து பார்த்தா ஆள் இல்ல" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியில் இந்த மாதிரித் துடிப்பு உள்ளவர்களுக்கென்றே புதிதாக ஒரு கிளினிக் திறந்திருந்தார்கள். மாதா மாதம் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது, மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நடுவில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே போன் போட்டு விசாரிப்பது என்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் நோயாளியோடு உள்ளே போக ஒருத்தருக்குத்தான் அனுமதி. அந்த ஒருத்தர் எப்போதும் மருமகள். பூனையார் வெளியே உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன மாத்திரை அது?" என்று கேட்டால், "ரத்தம் நல்லா ஓடறதுக்கு மாமா" என்பாள் மருமகள்.

"இத்தனை வருஷம் ஓடாமலா இருந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோய், வாங்கி வர அவர் போனார். மருந்துக்கடைக்காரர் பழைய பழக்கம். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன பூனையாரே, உங்க பழைய சரக்கையே வீட்டுக்கு வாங்கிட்டுப் போறீங்க!"

"என்ன சரக்கு?"

"எலி மருந்துல போடறதுதான் இது. நிஜமாத்தான். அளவுதான் வேற. பயப்படாதீங்க, மனுஷனுக்கு மருந்து."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பூனையாரும் சிரித்து வைத்தார். வீடு வந்து சேர்கிற வரை அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அளவு என்றால் என்ன என்று அவருக்கா தெரியாது? அந்த மருந்து ஒரே வேளையில் எலியைக் கொல்லாது. கொன்றால் மற்ற எலிகள் உஷாராகிவிடும். தினமும் கொஞ்சம். தின்ற எலிக்கே தெரியாது.

அடுத்த வாரம் அவள் பல் தேய்க்கும்போது ரத்தம் துப்பினாள்.

கிளினிக் டாக்டரை அவர் வராந்தாவில் மடக்கினார். டாக்டர் நடந்துகொண்டே, "ரத்தத்தை இளக்கறோம் ஐயா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் மருமகளைக் கவனிக்க ஆரம்பித்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒத்துப்போனதில்லை. "அத்தை இருக்கிறவரைக்கும் இந்தச் சமையலறை என்னுது இல்ல" என்று யாரிடமோ போனில் சொன்னதை அவரே காதால் கேட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்டவள், நெஞ்சுத் துடிப்பு வந்ததும் தேனாக மாறிவிட்டாள். கால் பிடித்துவிட்டாள். தலை வாரிவிட்டாள். "அத்தை, அத்தை" என்று பின்னாலேயே அலைந்தாள். மற்றவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. பூனையாருக்குத் தொழில் தெரியும். எலி சந்தேகப் பிராணி. புது இரையைத் தொடாது. அதனால் முதலில் மருந்து கலக்காத தானியத்தைச் சில நாள் வைக்க வேண்டும். பயம் தெளிந்து வந்து தின்னப் பழகும். பழகிய பிறகுதான் கலக்க வேண்டும்.

அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசினால் மகன் குடும்பம் இரண்டாகும். வேறு வழி அவருக்குத் தெரியும். கிடங்குக் காவல் நாய் ஒருதரம் மருந்து உருண்டையைத் தின்றுவிட்டது. ஈறெல்லாம் வெளுத்துக் கீழே சாய்ந்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து ஒரு முறிவு மருந்து கொடுத்தார். கே வைட்டமின் என்றார். நாய் பிழைத்து, அதற்குப் பிறகு இரண்டு மேஸ்திரிகளைப் பார்த்தது. பூனையார் பஸ் ஏறி, தன்னைத் தெரியாத ஒரு கடைக்குப் போய்க் கே வைட்டமின் மாத்திரை கேட்டார். கடைக்காரர் கொடுத்தார். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை.

அவளுக்குப் பிடித்தது கிரீம் பிஸ்கட். அதை இரண்டாகப் பிரித்து, மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கிக் கிரீமில் தூவி, மறுபடி ஒட்டிச் சாயங்காலத் தேநீரோடு கொண்டுபோய்க் கொடுப்பார்.

"பூனைக்கு என்ன திடீர்னு பாசம்?" என்றாள் முதல் நாள்.

"தின்னு."

"இத்தனை வருஷத்துல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்திருப்பீங்களா? சாகற வயசுல பிஸ்கட்டு!"

அவளுக்கு அதில் ஒரே பெருமை. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள்.

ஈறில் ரத்தம் நின்றது. பூனையாருக்குத் தெம்பு வந்தது. ஆனால் கிளினிக்கிலிருந்து வந்த மருமகள், "ரத்தம் இளகவே மாட்டேங்குதாம் மாமா, டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கார்" என்றாள். கூட்டுகிறீர்களா? அவரும் கூட்டினார். அடுத்த மாதமும் கூட்டியிருப்பதாகச் சொன்னாள். அவர் விடவில்லை.

போன வாரம் ஒரு காலையில், காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கத்தி நழுவியது. வாய் கோணியது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் பேசாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தான் கொடுத்த முறிவு போதவில்லை. அவர்கள் அதிகமாகக் கொடுத்து ஜெயித்துவிட்டார்கள். அப்படித்தான் பூனையார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கசிவு என்ற ஒரு சொல் யாராவது வாயிலிருந்து வந்தால் போதும். விடிந்ததும் கொழுந்தியாளைக் கூப்பிட்டுக் காதோடு கொஞ்சம் சொல்லியும் வைத்திருந்தார். எல்லாம் சொல்லவில்லை. "மாத்திரை விஷயத்துல எனக்கு மருமக மேல ஒரு இது இருக்கு" என்று மட்டும், கூடவே அந்தச் சமையலறைப் பேச்சையும். அவளுக்கு அவ்வளவு போதும்.

மருமகள் தட்டில் தேநீரோடு கூடத்துக்கு வந்தாள். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, அவருக்கு முன்னால் நின்றாள். கண் இமைகள் வீங்கிச் சிவந்திருந்தன. நடிப்பவர்களுக்கும் வீங்கும்.

"ஒரு வாய் குடிங்க மாமா. நேத்துலேருந்து வெறும் வயிறு."

"வேண்டாம்."

"அத்தை இருந்தா திட்டுவாங்க."

"அவ இல்லையே. அதனாலதான் வேண்டாங்கறேன்."

அவள் கோப்பையை அவர் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். பூனையார் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் அதைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காதது போலத் தன் கோப்பையை ஊதிக்கொண்டார்.

வண்டி வருவதற்கு முன்னால் நர்ஸ் வந்தாள். கிளினிக்கிலிருந்து போன் செய்து விசாரிப்பவள் அவள்தான். வேலை உடுப்போடு, தோளில் பையோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நேரே பெட்டியிடம் போய்க் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மருமகள் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கூட்டாளிகள் என்று நினைத்தார் பூனையார்.

அழுகை அடங்குகிற வரை காத்திருந்து எழுந்து போனார்.

"நர்சம்மா. உங்களை ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க ஐயா."

"அவளுக்கு அடைச்சதா, கசிஞ்சதா?"

மகன் பாய்ந்து வந்தான். "அப்பா, இப்ப எதுக்கு…"

"நீ சும்மா இருடா. அவங்க சொல்லட்டும்."

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நாளில் அவள் அவரைச் சரியாகப் பார்ப்பதே இப்போதுதான்.

"அடைப்புதான் ஐயா. ஸ்கேன் பார்த்தேன்."

"கசிவு இல்லையா?"

"ஒரு சொட்டு இல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன். இவங்களுக்கு இருதயத்தோட மேல் அறை ஒழுங்காச் சுருங்காம சும்மா நடுங்கிட்டே இருந்துச்சு. அப்ப ரத்தம் அங்க தேங்கும். தேங்கினா உறைஞ்சு கட்டியாகும். அந்தக் கட்டி மேல போய் மூளைக்குப் போற குழாயை அடைச்சிருச்சு."

"அப்ப அந்த மாத்திரை?"

"அப்படிக் கட்டிடக் கூடாதுன்னுதானே ஐயா அந்த மாத்திரையே குடுத்தோம்."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. நர்ஸ் மருமகள் பக்கம் திரும்பினாள். கேட்கலாமா கூடாதா என்று அவள் தயங்கியது தெரிந்தது. ஆனால் கேட்டுவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. அவ்வளவு கூட்டியும் ரத்தம் இளகவே இல்லையே. மாத்திரையை விடாமக் குடுத்தீங்கதானே?"

"என்ன சிஸ்டர் இது? தினமும் குடுத்தேனே."

"ஒருநாள் ரெண்டுநாள் மறந்திருந்தாலும் சொல்லுங்க. நான் குறை சொல்லல. இன்னும் எத்தனையோ பேரு அதே மாத்திரையில இருக்காங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சா அவங்களையாவது…"

"ஒருநாள்கூட மறக்கல சிஸ்டர். என் கையாலதான்…"

"யாரு பார்த்தா?" என்றாள் கொழுந்தியாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"சின்னம்மா?" என்றாள் மருமகள்.

"யாரு பார்த்தாங்கன்னு கேக்கறேன். அக்கா இருக்கிறவரைக்கும் இந்தச் சமையலறை உன்னுது இல்லைன்னு சொன்னவதானே நீ? அத்தான் காலையிலேயே சொன்னார், மாத்திரை விஷயத்துல சந்தேகம்னு. மனசு வச்சுக் குடுத்திருந்தா ஏன் இளகல? இப்ப நர்சே கேக்கறாங்க!"

"நான் அப்படிக் கேக்கலைங்க" என்றாள் நர்ஸ். அதைக் கேட்க ஆள் இல்லை.

மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். மகன் கையைப் பிசைந்தான்.

"இல்ல, நீயும் காலையில வேலைக்கு ஓடறே, சமைக்கிறே… அலுப்புல எப்பவாவது விட்டுப் போயிருக்கும். வேணும்னே செஞ்சேன்னு நான் சொல்லல."

"நீங்களுமா?" என்றாள் அவள்.

பூனையார் நின்ற இடத்திலேயே நின்றார். அடைப்பு. ரத்தம் கட்டாமல் இருக்க மருமகள் ஒன்று கொடுத்தாள். அதை முறிக்க அவர் ஒன்று கொடுத்தார். அவர்கள் கூட்டினார்கள். அவரும் கூட்டினார். இந்தக் கணக்கைப் போட அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. ஒரு தடவை போட்டார். நர்ஸ் பொய் சொல்கிறாளோ என்று பார்த்தார். அவள் முகத்தில் பொய் இல்லை, தூக்கம்தான் இல்லை. மறுபடி போட்டார். அதே விடைதான் வந்தது.

கே வைட்டமின் அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. யாருக்கும் தெரியாது. தின்றவளுக்கே தெரியாது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். மற்றதைக் கொழுந்தியாள் பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இந்த வீட்டில் என்றைக்கும் நிற்காது. மருமகள் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிற வரை நிற்காது.

"அவ குடுத்தா" என்றார்.

"அத்தான், நீங்கதானே காலையில…"

"வாயை மூடு. அவ குடுத்தான்னு சொல்றேன். ஒருநாள் விடாமக் குடுத்தா. யாரு பார்த்தான்னு கேட்டியே, நான் பார்த்தேன்."

"தினமுமாப்பா?" என்றான் மகன்.

"தினமும்தான். அவ ரூம் கதவுக்கு இந்தாண்ட நின்னு பார்த்தேன். அட்டையைப் பிரிக்கிறதைப் பார்த்தேன். உங்கம்மா முழுங்கறதைப் பார்த்தேன். ரெண்டு குடுக்கிறாளா, வேற கலர்ல குடுக்கிறாளான்னுகூடப் பார்த்தேன். சரியாத்தான் குடுத்தா."

நர்சின் நெற்றி சுருங்கியது. "அப்ப வேற ஏதோ உள்ள போயிருக்கணும். கீரை, மூலிகை, நாட்டு மருந்து ஏதாவது… எல்லாம் கேட்டேனே. இவங்களும் சொன்னாங்களே."

"பிஸ்கட்டைக் கூடச் சொன்னேன்" என்றாள் மருமகள். "மாமா சாயங்காலம் ஒரு பிஸ்கட் குடுப்பார்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"ஆமா. பிஸ்கட்ல என்ன இருக்குன்னு…"

பூனையார் சட்டைப் பையில் கையை விட்டார். அட்டையின் முனை பையின் தையலில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்து நர்சிடம் நீட்டினார். பாதி மாத்திரைகள் மீதமிருந்தன.

நர்ஸ் வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். மறுபடி திருப்பினாள். கைப்பிடி நாற்காலி பக்கத்தில் இருந்தும், அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாருக்கு வாங்கினீங்க?"

"அவளுக்கு."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"ஒருத்தரும் எழுதல. கிடங்கு நாய்க்கு மாட்டு டாக்டர் குடுத்தார். எலி மருந்துக்கு முறிவு. உங்க மாத்திரை எலி மருந்துன்னு கடைக்காரன் சொன்னான். அவ ரத்தம் துப்பினா. நான் முறிவு குடுத்தேன்."

"எவ்வளவு நாளா?"

"நீங்க கூட்டினப்பல்லாம் நானும் கூட்டினேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்தை… எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா."

"ஒருத்தர்தான் உள்ள வரணும்னீங்க. நான் வெளியில இருந்தேன். என்னை நீங்க ஒருநாளும் கேக்கலையே."

அதை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. நடந்தது அது, அதனால் சொன்னார். அவளும் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமா" என்றாள். "உங்களைக் கேக்கல." அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாத்திரை அது? என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே" என்று கொழுந்தியாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மகன் சுவரில் சாய்ந்து, பெட்டிக்குள் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தையல்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். ஒருவர் பின் ஒருவராக மற்ற நாற்காலிகளும் காலியாயின.

மருமகள் மட்டும் பூனையாருக்கு எதிரே வந்து நின்றாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"மாமா."

அவர் அவளுடைய கால் விரல்களைப் பார்த்தார்.

"தினமும் பார்த்தேன்னு சொன்னீங்களே. கதவுக்கு அந்தாண்ட நின்னு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எதுக்கு மாமா பார்த்தீங்க?"

சொல்ல அவரிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு பதில். அதை எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் அதே பதில்தான்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அது அவள் முகத்தில் மெதுவாக, கீழிருந்து மேலே ஏறியதை அவர் பார்க்கவில்லை. அவள் திரும்பிச் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. எதையும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். மகன் பூனையாரிடம் வந்தான். முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எடுக்கலாமாப்பா?"

"எடுங்க" என்றார் பூனையார்.

நாலு பேர் தூக்கினார்கள். படியில் ஒரு பக்கம் தாழ்ந்து, பிறகு நேராயிற்று. வண்டிக்குள் ஒரு பக்கம் அவளை வைத்தார்கள். மறுபக்கம் நீளமாக ஒரு பெஞ்சு. கொழுந்தியாளும் மற்றவர்களும் பின்னால் வேறு காரில் வருவதாகச் சொன்னார்கள். நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவோரமாக நின்றாள். மகன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். மருமகள் முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு வந்தாள். யார் கையையும் பிடிக்காமல் பின்னால் ஏறி, தலைமாட்டுப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு கையை நீட்டி, துணி விலகியிருந்த மாமியாரின் தோளை மூடிவிட்டாள்.

பெஞ்சில் கால்மாட்டுப் பக்கம் பூமாலைகளைக் குவித்திருந்தார்கள். மீதி இருந்தது அவள் பக்கத்து இடம் மட்டும்தான்.

பூனையார் ஒரு காலைப் படியில் வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, தகரச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவருக்கு இடம் விட்டாளா, அவரிடமிருந்து விலகினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏறுங்க பெரியவரே, நேரமாகுது" என்றார் ஓட்டுநர்.

பெஞ்சில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. நகர்வதற்கு முன் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ரெக்சின் உறை இன்னும் குழிந்திருந்தது. அது மெல்ல மேலெழும்பிச் சமமாவதைப் பார்த்துக்கொண்டு அவர் படியிலேயே நின்றார்.